குறுக்கு வழியில் போன இரத்தம்

1999 பெப்ரவரி 9
காய்ச்சலுக்கு இன்று இருபத்துமூன்றாம் நாள். என்னுடைய வருத்தம் என்னவென்று வெள்ளவத்தையில் எனக்கு மட்டும்தான் தெரியாது. "வவுனியாவுக்குப் போய் வந்தனீங்கள், மலேரியாதான்" என்று கடைக்காரரும் சொல்கிறார். இரண்டு தரம் மலேரியாக் குளிசை விழுங்கியாயிற்று. காதுதான் அடைத்தது. இன்று ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டொக்டர் அதை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்துவிட்டார்கள்.

பெப்ரவரி 12
மலேரியா இல்லை! இதயத்தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று, பிறப்பிலேயே வழி தவறி, இதயத்தின் வலப்பக்க அறைக்குள் திறந்திருக்கிறதாம். கொறனறி பிஸ்டுலா என்று பெயர். முப்பத்தெட்டு வருடமாக அங்கே ஊற்றிக்கொண்டிருக்கிறது. தைப்பொங்கலுக்கு முன் பல் பிடுங்கினேனே, அந்தக் கிருமி போய் அங்கே குடியேறிவிட்டது. ஆறு கிழமை ஊசி. பிறகு ஒபறேஷன். செய்யலாமா என்று அதற்குரிய டொக்டர் வந்து பார்த்துத்தான் சொல்வாராம். முடியாதென்றால்? கேட்கவில்லை. பயம்.

பெப்ரவரி 27
காய்ச்சல் விட்டது. பக்கத்துக் கட்டில் பைறோஸா வட்டிலப்பம் தந்தாள். இரண்டு துண்டு!

மார்ச் 10
மருத்துவ மாணவர்கள் வரிசையில் வந்து என் நெஞ்சைக் கேட்கிறார்கள். கண்டுபிடிக்க முடியாமல் முழிப்பவர்களுக்கு நானே மெல்ல விடையைச் சொல்லிவிடுவேன். இந்த வார்ட்டில் எல்லோரும் செய்கிற தர்மம்தான்.

மார்ச் 18
ஐயோ, மானம் போச்சு. பொடியன் மாதிரி ஒருவர் வந்து நெடுநேரம் கேட்டார், நெற்றியைச் சுருக்கினார். பாவம், பெயிலாகப்போகிறான் என்று நினைத்து, "தம்பி, கொறனறி பிஸ்டுலா. கிருமியும் பிடிச்சது. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்று குசுகுசுத்தேன்.

அவர்தான் ஒபறேஷன் டொக்டர்!

"நல்லது அக்கா. எப்ப வெட்டவேணும் எண்டும் சொல்லுங்கோவன்."

"அப்ப... செய்வீங்களோ?"

"ஓம். வடிவாச் செய்யலாம்."

"அல்லாஹ், டொக்டருக்கே டியூஷன் குடுத்தீங்களா!" என்று பைறோஸா கட்டிலில் உருண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஏப்ரல் 5
நாளைக்கு ஒபறேஷன். "ஒண்டும் நடக்காது அருந்ததி" என்று இவர் என் கையைப் பிடித்தார். பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்தும் விடவில்லை.

ஏப்ரல் 19
பேனை பிடிக்க முடிகிறது. அந்த வழியைத் தைத்து மூடிவிட்டார்கள். கஞ்சி தேவாமிர்தம்.

ஜூலை 5
வேலைக்குத் திரும்பிய முதல் நாள். நான் வேலை செய்யும் புதுக்கடை நீதிமன்ற வாசலில், சோதனைக் கருவி என் நெஞ்சுக்கு நேரே வந்ததும் கத்தியது. பெண் பொலிஸின் முகம் மாறியது. குண்டு கட்டி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். சேலைத் தலைப்பை விலக்கித் தழும்பைக் காட்டினேன். நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி உள்ளே இருக்கிறதே! அவள் கருவியைத் தாழ்த்தினாள்.

"லெடெக்த, அக்கே?" நோயாளியா என்று சிங்களத்தில் கேட்டாள்.

"தென் நே" என்றேன். இப்போது இல்லை.

அதை நான் வாய்விட்டுச் சொன்னது இன்றுதான் முதல் தடவை.