மலையைப் பிரித்த பட்டியல்

இன்று லிங்கராஜபுரம் ஜெராக்ஸ் கடையில் யாரோ வீட்டு வரைபடத்துக்கு நீல நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. வந்த வேலையை முடிக்காமலே வெளியே வந்துவிட்டேன். என் பழைய ஆபீஸின் வரைபட அறை வாடை அது.

தோழி, நாம் இருவரும் ஒரே நாளில் அரசு வேலையில் சேர்ந்தோம். எனக்குப் பெங்களூரில் மேசை கிடைத்தது. உனக்கு மலைமேல் ஒரு பஞ்சாயத்தின் செயலாளர் வேலை. ஏழு ஊர், ஒற்றை அறை ஆபீஸ். பனியில் பதிவேடு நமுத்துப்போகிறது, அடுப்பருகே உலர்த்தித்தான் எழுதுகிறேன் என்று கடிதம் போடுவாய். சந்தை நாளில்தான் கூட்டம் வைப்பாயாம். மற்ற நாட்களில் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

பெரிய மண்டல் பஞ்சாயத்துகளைக் கலைத்துச் சிறிய கிராம பஞ்சாயத்துகள் அமைத்தபோது, உன் ஏழு ஊரில் உச்சியில் இருந்த இரண்டும் மலைக்கு மறுபக்கத்துப் பஞ்சாயத்துக்குப் போயின. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். நீ பஸ் பிடித்து வந்து என் மேசைமுன் நின்றாய்.

"மேப்புல பாத்தா பக்கம்தான்டி. நடுவுல பெரிய ஹள்ளா ஓடுது. மழை வந்தா மாடுகூட தாண்டாது. சாகேபுகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"ஆர்டர் ஆயிடுச்சு. இனிமே நான் என்ன பண்றது?" என்றேன். எங்கள் அதிகாரி சாகேப் அடுத்த அறையில்தான் இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

அந்த இரண்டு ஊர்க்காரர்களின் மனுக்களை நீயே வாங்கி, அந்த ஹள்ளா ஓடையைத் தாண்டிப் போய்ப் புது ஆபீஸில் கொடுத்துவந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "வயசானவங்கள எப்படி அனுப்புறது?" என்பாயாம். மூன்றாவது மழைக்காலத்தில் ஓடை உன்னை இழுத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தாய்.

விசாரணையில் ஒரே கேள்விதான். "எல்லைக்கு வெளியே அவங்க ஏன் போனாங்க?" பணியில் இறந்ததாக ஏற்க முடியாது என்று எழுதுவதற்காக எல்லைப் பட்டியலின் நகல் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். 'அசலுடன் சரிபார்க்கப்பட்டது' என்று கீழே கையெழுத்தும் போட்டேன்.

சில வருஷம் கழித்து அந்த ஊர்களைத் திரும்ப உன் பஞ்சாயத்திலேயே சேர்த்தார்கள். அந்தக் கோப்பின் அடியில், அவற்றைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நீ எழுதிய பதினோரு மனுக்கள் இருந்தன. ஒன்றைக்கூட யாரும் பிரித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

உன் அம்மா ஜீவனஹள்ளியில்தான் இருக்கிறார். பண்டிகைக்குப் பண்டிகை போய்ப் பார்க்கிறேன். "எம் பொண்ணு எதுக்கும்மா அந்தத் தண்ணியில இறங்குனா? ஆபீஸ்ல யாருக்காச்சும் தெரியுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

"தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் தரும் காபியைக் குடித்துவிட்டு வருகிறேன்.