அடுத்த தெரு தோசை

8 டிசம்பர் 2018, சனி

நெய்வேலி நகரியப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு! இன்று மாலை, பிளஸ் டூ மாணவன் செங்குட்டுவன் ஆகிய நான், முன்பின் தெரியாத ஒரு குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்து, மூன்று தோசைகளை உண்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்பினேன் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிளான் போட்டுச் செய்த வேலை. இங்கே எல்லாத் தெருவும் ஒரே தெரு, எல்லா வீடும் ஒரே வீடு. அதே மஞ்சள் சுவர், அதே கேட். எங்கள் வீடு இருக்கிற அதே இடத்தில் அடுத்த தெருவிலும் ஒரு வீடு. போனைப் பார்த்துக்கொண்டே போவது மாதிரி நடித்து, உள்ளே போனேன். செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்தேன். தட்டு வந்தது.

"இன்னொண்ணு வைக்கட்டா?"

"ம்."

மூன்றாவது தோசையில் தலையைத் தூக்கி, "வணக்கம் ஆன்ட்டி!" என்றேன்.

ஆன்ட்டி கத்தவே இல்லை. "என் புள்ளன்னு நெனச்சிக்கினு வச்சேன்பா. அவனும் இப்படித்தான் வருவான், தலையே தூக்கமாட்டான்."

அப்போது அந்தப் புள்ளையே உள்ளே வந்தான். கண் போனில். என்னைத் தாண்டிப் போய் ரூம் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் நாற்காலியில் எவனோ உட்கார்ந்து அவன் தோசையைத் தின்கிறான், அதுகூடத் தெரியவில்லை! விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆன்ட்டி சிரிக்கவில்லை.

10 டிசம்பர்

ஸ்கூல் முழுக்க என் பேச்சுதான். "டேய் குட்டு, வெள்ளிக்கிழமை எங்க வூட்ல பிரியாணி. பிளான் போட்டு வந்துடு!" என்கிறான் ஜுல்பிகர். இன்டர்வெல்லில் நடித்தே காட்டினேன். போனில் மூழ்கின மாதிரி நடிக்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை.

16 டிசம்பர்

தோசை ஆன்ட்டி வீட்டுக்கே வந்துவிட்டார்! பெயர் விஜயகுமாரி. சண்டைக்கு என்று நினைத்து பாத்ரூமில் ஒளிந்தேன். சண்டை இல்லை. அம்மாவிடம் குரலை இறக்கிப் பேசினார்.

"நல்லா படிச்ச புள்ளங்க. டியூஷன் வீடியோ பாக்கன்னு போன் வாங்கிக் குடுத்தோம். இப்ப பேச்சே இல்ல. அவங்கப்பா புடுங்கி வச்சாரு, சோறே வேணாம்னுட்டான். பயந்துக்கினு திருப்பிக் குடுத்துட்டோம். பப்ளிக் எக்ஸாம் வேற வருது. உங்க பையன் எல்லாரையும் சிரிக்க வைக்கிறானாமே, கொஞ்சம் வந்து பேசச் சொல்லுங்க."

வெளியே வந்து நெஞ்சை நிமிர்த்தினேன். "பொங்கலுக்குள்ள அவனை வாசலுக்குக் கொண்டாரேன் ஆன்ட்டி!"

23 டிசம்பர்

அவன் பெயர் இளம்பரிதி. இளஞ்சூரியனாம். ஜன்னலைச் சாத்தி, லைட்டும் போடாமல் உட்கார்ந்திருக்கிறது சூரியன்.

கைவசம் இருந்த ஜோக்கெல்லாம் சொன்னேன். ஒரு பல் தெரியவில்லை. கடைசியில் அவனே கேட்டான்: "ஆடுவியா?" சுடுகிற கேம். சரி, கிணற்றில் விழுந்தவனைத் தூக்க உள்ளே இறங்கித்தானே ஆகணும்?

இறங்கினேன்.

3 ஜனவரி 2019

மீட்புப் பணி தொடர்கிறது.

15 ஜனவரி

பொங்கல். ஆன்ட்டி ரூமுக்குள் இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தார். "எப்படிப்பா இருக்கான்?"

"நல்லா வரான் ஆன்ட்டி" என்றேன். கேமில்.

அப்புறம் பார்த்தால் தட்டு இரண்டும் காலி. நான் சாப்பிட்டேனா, அவனே இரண்டையும் தின்றானா? சத்தியமாக ஞாபகம் இல்லை.

வாசலுக்கு வந்தது நான் மட்டும்தான். வீட்டுக்குப் போக.

7 பிப்ரவரி

எழுதவே கை வரல.

நேத்து பரிதிக்கு அவன் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி பிராக்டிக்கல். எனக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு. ஆன்ட்டி ஒரு சாவுக்கு காடாம்புலியூர் போயிருந்தாங்க. போகும்போது என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க: "அங்கிள் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கிடுவாரு. நீ கூட்டிக்கினு போய் ஸ்கூல்ல வுட்டுடுப்பா."

காலைலயே போனேன். போனேனா இல்லையா? போனேன். பரிதி முழிச்சுத்தான் இருந்தான். "ஒரே ஆட்டம்டா, முடிச்சிட்டு கெளம்பலாம்."

நான்தானே வேணாம்னு சொல்லணும்? நானும் போனை எடுத்தேன் —

யாரோ லைட்டைப் போட்டாங்க. பரிதியோட அப்பா மருதமுத்து அங்கிள், தூக்கக் கலக்கத்தோட. மணி பன்னெண்டு. ஸ்கூலுக்கு ஓடினோம். லேப்ல டெஸ்ட் டியூப் எல்லாம் கழுவிக் கவுத்துட்டாங்க. இந்த வருஷம் அவ்வளவுதான்னுட்டாங்க.

அங்கிள் அடிக்கல. திட்டக்கூட இல்ல. அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு. என்னைப் பார்த்து, "அவனை வெளிய கொண்டாரேன்னு சொன்ன புள்ளதான நீ?"

24 மார்ச், ஞாயிறு

எனக்குப் பரீட்சை முடிந்தது. பரிதி எதையுமே எழுதவில்லை. இன்று அவனை சேத்தியாத்தோப்பில் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் ஏற்ற நானும் போனேன். போன் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். என்னைப் பார்த்தான். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்தும், அவன் கண்ணை அப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன்.

பஸ் போனதும் ஆன்ட்டி என்னிடம், "சாப்டியாப்பா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். டிசம்பர் எட்டாம் தேதி பிளானும் இல்லை, நடிப்பும் இல்லை. எங்கள் வீடு என்றுதான் போனேன். எங்கள் அம்மா என்றுதான் 'ம்' கொட்டினேன். சட்னியில் வேர்க்கடலை வாசம் அடித்த பிறகுதான் தலையைத் தூக்கினேன். அந்த 'வணக்கம் ஆன்ட்டி' பயத்தில் உளறியது.

அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே, "தெரியும்டா" என்றாங்க. "இங்கயும் அப்படித்தான சாப்பிடுற?"

தலையைத் தூக்கினேன். அம்மா கண்ணாடி போட்டிருந்தாங்க.

"எப்பம்மா கண்ணாடி போட்ட?"

"தீபாவளிக்கு."