கூடையை மட்டும் தூக்கச் சொன்னாய்

ஈரக் கம்பளியை அடுப்புக்கு மேலே காயப் போட்டிருக்கிறேன். அதன் வாடை புகையோடு கலந்து இந்த ஒற்றை அறைக் காம்பரா முழுக்க நிறைந்ததும் நீ நினைவுக்கு வந்துவிட்டாய். மழையில் அடுத்த தேயிலை நிரையில் நின்று கொழுந்து எடுத்த உன் மேலும் இதே வாடைதான் வீசும். இருமல் வந்தால் கம்பளி முனையை வாயில் அடைத்துக்கொள்வாய்.

சயரோகம் என்று உனக்கும் எனக்கும் தெரியும். தோட்டத்துக்குத் தெரியக் கூடாது. தேயிலை விலை விழுந்து, ஆளைக் குறைக்கச் சாக்குத் தேடிய காலம் அது. வேலைக்கு ஆகாதவள் என்று முடிவானால் சீட்டைக் கிழித்து, தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். உன் புருஷன் முன்பே செத்துப்போய்விட்டார். மகள் இங்கே பிறந்தவள். அவளுக்கு இன்னும் தோட்டத்தில் வேலையாளாகப் பேர் பதியவில்லை. நீ போனால் அவளும் போக வேண்டும், ஒரு முகமும் தெரியாத ஊருக்கு.

"அவ பேரு பதியிற வரைக்கும் நான் நிக்கணும்க்கா. அப்புறம் விழுந்தா விழட்டும்" என்றாய்.

ஒரு நாள் உன் கூடை பாதிகூட நிறையவில்லை. நீ பார்க்காத நேரத்தில் என் கொழுந்தை அள்ளி அதில் போட்டு அமுக்கினேன். அமுக்கிய கொழுந்து சூடேறிச் சிவந்துபோனது. நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை அதைக் கீழே கொட்டிவிட்டு, உனக்கு அரை நாள் கூலிதான் போட்டார்.

"ஒன்ன யாருக்கா கேட்டா?" என்று லயத்து வீடு வரும்வரை திட்டினாய். ஆனால் இன்றைக்கும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

மறுநாள் நீயே வழி சொன்னாய். "கொழுந்து எடுக்கக் கை இருக்கு. மேட்டுல ஏறத்தான் மூச்சு இல்ல. ஒதவணும்னா கூடைய மட்டும் தூக்கு."

அதற்குப் பிறகு இரண்டு கூடையையும் நான்தான் சுமந்தேன். கங்காணி சும்மா இருப்பாரா?

"என்னா, கழுதை மாதிரி ரெண்டு பொதி சொமக்கிற?"

"கழுதைக்குக் கங்காணி வேல குடுக்கலியா? பொதி சொமக்கக் குடுத்தா என்னா கொறச்சல்?" என்றேன். நிரை முழுக்கச் சிரித்தது. நீ சிரித்து, அதனால் இருமி, செடிக்குள் குனிந்துகொண்டாய்.

மூச்சு வாங்கிய பிறகு நீ நிற்பதில்லை, வாங்குவதற்கு முன்பே நின்றுவிடுவாய். முற்றல் இலையைக் கிள்ளி எறிவதுபோலச் செடியில் கை இருக்கும், நெஞ்சு மட்டும் ஓய்வெடுக்கும். பிறகு மெல்லத் தொடங்குவாய். சாயங்காலம் உன் கூடையில் குறை இருக்காது. இதை நான் பெருமையாக எழுதவில்லை. ஓய்வைக்கூடத் திருடித்தானே எடுக்க வேண்டியிருந்தது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் உன் மகளின் பேரை முதன்முதலாகக் கூப்பிட்டபோது என் தோளைப் பிடித்துக்கொண்டாய். "இனி சத்தமா இருமலாம்க்கா."

அடுத்த மழைக்கு நீ இல்லை.

உன்னைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது கங்காணி எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "சாகுற வரைக்கும் வேலைய விடலியே, பொம்பளன்னா இவ பொம்பள."

"உக்கார ஒரு எடம் குடுத்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா" என்றேன். பிறகு கொஞ்ச காலம் அவர் என்னோடு பேசாமல் இருந்தது எனக்கு நட்டமில்லை. நீ பட்ட பாட்டை இன்றும் பாராட்டாகச் சொல்கிறார்கள். நான் இன்றும் மறுக்கிறேன்.

நேற்று உன் மகளுக்குக் காய்ச்சல். எழுந்து கூடையைத் தேடினாள். படுக்கச் சொல்லிவிட்டுப் பெரட்டுக்கு நான் போனேன்.

"அவளுக்கு ஒடம்புக்கு முடியல, இன்னிக்கு வரமாட்டா."

"நாளைக்கு?"

"முடிஞ்சா வருவா."

கங்காணி முணுமுணுத்தார். அவர் சரி என்று சொல்லும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.