முட்டை நின்ற பெட்டி

அன்பு மகளுக்கு,

ரயில் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போன வருஷம், உன் அண்ணனுக்கு முதல் பால் பல் விழுந்தது. நீ பிறக்கவில்லை. அந்த வருஷத்தில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுகிறார். நாளை அவர் மைத்துனர் உன் பக்கம் வருகிறார், கையிலேயே கொடுத்துவிடுவார்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ அனுப்பிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்தால், எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் என்று கேலி செய்கிறாள்.

முந்தாநாள் நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. உன் பொறுப்பில் இருக்கும் கழிவுக் குழியில் விஷக் கேஸைக் காட்டும் சென்சார் மழைக்காலம் முழுக்கக் கத்தியது, போன வாரம் குழியைக் கழுவியதிலிருந்து சைபரிலேயே நிற்கிறது என்றாய். சனியன் ஒழிந்தது, அதில் கைவைக்காதே என்று இன்ஜினியர் சொன்னாராம். வெள்ளிக்கிழமை உன் ஆட்கள் இறங்குகிறார்களாம். "கத்தலைன்னா நல்லதுதானேப்பா" என்று சிரித்தாய். நான் ம் கொட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

நான் வேலை பார்த்த ஆலையின் குழியில் சென்சார் கீழே, தரையோரம் இருந்தது. எண் காட்டும் பெட்டி மேலே, வாசலில். எனக்குத்தான் எண் படிக்கத் தெரியாதே. முட்டை மாதிரி ஒன்று நின்றால் பயமில்லை, வேறு எது வந்தாலும் ஓடு என்று ஃபோர்மேன் பழக்கியிருந்தார்.

அந்த வருஷம் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஆலை முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். சென்சார் வாயில் பெயிண்ட் தெறிக்காமல் பிளாஸ்டிக் பை கட்டச் சொன்னார் ஃபோர்மேன். ஆலையில் இருந்த பதினொரு சென்சாருக்கும் கட்டினேன். காய்ந்ததும் பத்தை அவிழ்த்தேன். குழிக்குள் இருந்ததை அவிழ்க்கப் போனபோது, அதிகாரிகளுக்கு நாற்காலி போடக் கூப்பிட்டார்கள். போனவன் மறந்துவிட்டேன்.

இந்த இடத்தில் கடைக்காரர் பேனாவை நிறுத்திவிட்டார். எழுதுங்கள் என்றேன்.

மறுநாள் காலை ஃபிட்டர் குழியில் இறங்க வந்தார். குள்ளமான மனிதர். என்னைப் பார்த்தால் "என்னடா நெட்டை, மேல காத்து எப்படி?" என்று கேட்காமல் போக மாட்டார். அன்றும் கேட்டார். வாசலில் குனிந்து முகர்ந்தார். முதலில் அழுகின வாடை வந்தது, இப்போது இல்லையே என்றார். அந்தக் கேஸ் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும் என்பது உனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

"நெட்டை, பெட்டியில என்ன நிக்குது?"

"முட்டைதாண்ணே. இறங்குங்க."

இறங்கினார். விழுந்த சத்தம் கேட்டு, தூக்கப் போன வெல்டரும் அவர் மேலேயே விழுந்தார். நானும் இறங்கியிருப்பேன், பம்ப் ஆபரேட்டர் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். இரண்டு பேரையும் பிணமாக மேலே தூக்கிக் கிடத்தியபோதும் பெட்டியில் முட்டைதான்.

முகமூடி போட்டுக்கொண்டு ஃபோர்மேன் இறங்கினார். நூலை அறுத்துப் பையைச் சட்டைக்குள் செருகியதை நானும் ஆபரேட்டரும் பார்த்தோம். விசாரணையில் சென்சார் பழுது என்று எழுதி என் முன்னால் நீட்டினார்கள். கைநாட்டு வைத்தேன்.

நீ படித்தவள், உனக்கு நான் வேலை சொல்லித்தர வரவில்லை. சோதனை கேஸைச் சென்சார் வாயில் பிடித்துப் பார். எண் ஏறினால்தான் அதற்கு உயிர் இருக்கிறது. கழுவினவர்கள் தண்ணீர் படாமல் எதையாவது கட்டிவிட்டுப் போனார்களா என்று கையால் தடவிப் பார். இன்ஜினியர் திட்டினால் திட்டட்டும். அதுவரை இறங்க அனுமதிக்கிற சீட்டில் உன் கையெழுத்து விழக் கூடாது. என் கைநாட்டு போதும் நம் வீட்டுக்கு.

நீயும் உன் ஆட்களும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைகால் கழுவி அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல் நான் எந்தச் சாமியிடமும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பையைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஃபோர்மேன் நெஞ்சுவலியில் போனார். ஆபரேட்டரைப் போன மாதம்தான் தூக்கினோம், நானும் தோள் கொடுத்தேன். மிச்சம் நெட்டை ஒருத்தன்தான்.