வண்டல் படியும் வேகம்

துறைமுகக் குடியிருப்பு
2.12.2024

அன்புள்ள தினேஷுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். பாப்பாவுக்கு இருமல் விட்டதா?

கப்பல் வரும் கால்வாயைத் தோண்டினால் ஆற்று வண்டல் எத்தனை நாளில் மறுபடி மூடும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதுதானே என் வேலை? எட்டு மாதம் என்று வருகிறது. மேனேஜருக்கு இரண்டு வருடம் என்று வரவேண்டுமாம், அப்போதுதான் தோண்டும் திட்டத்துக்கு அனுமதி கிடைக்குமாம். வண்டல் அடியில் படியும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் போதும், திரையில் அத்தனையும் கடலுக்குப் போய்விடும். அப்படிப் போட்டுக் கையெழுத்திட்டால் பொங்கலுக்குள் எனக்குச் சென்னைக்கு மாற்றல். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள்
கல்பனா


உத்திரமேரூர்
9.12.2024

அன்புள்ள கல்பனாவுக்கு,

இருமல் விட்டது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் ஓடுகிறது என்று பாப்பாவை வேடிக்கை பார்க்க அழைத்துப் போனேன். அங்கேயும், "அம்மா போன்லயே கீது, வூட்டுக்கு எப்பப்பா வரும்?" என்றுதான் கேட்டாள். உரக்கடையையும் பார்த்து, சோறும் ஊட்டி, தலையும் பின்னிவிட்டு எனக்கு அலுத்துவிட்டது. பின்னல் கோணல் என்று டீச்சர் வேறு சிரிக்கிறாராம்.

என் அம்மாவிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். "மண்ணு எங்க வியுந்தா நமக்கு இன்னாடா? அவள மொதல்ல வூட்டுக்கு வரச் சொல்லு" என்றார். நானும் அதையே சொல்கிறேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு வா.

தினேஷ்குமார்


துறைமுகக் குடியிருப்பு
21.12.2024

அன்புள்ள தினேஷுக்கு,

நீங்கள் சொன்னபடியே மாற்றிப் போட்டேன். பெட்டிகூடக் கட்டிவிட்டேன். நேற்று வேதகிரி அண்ணன் ஆபீசுக்கு வந்தார். கால்வாய்க்குள் கப்பல்களுக்கு வழிகாட்டி அழைத்து வரும் பைலட், நம் செங்கல்பட்டுக்காரர். திரையைப் பார்த்துவிட்டு, "இனிமே தரை தட்டுமோன்னு பயந்துகினு வர வேணாம், இல்லம்மா?" என்றார். அவர் போனதும் எட்டு மாதம் என்றே அனுப்பிவிட்டேன். மாற்றல் போச்சு. இன்னும் இரண்டு வருடம் இங்கேதான்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. வந்துவிடு என்று சொல்ல ஊரே இருக்கிறது. ‘வேண்டாம் கல்பனா’ என்று நீங்கள் ஒருவராவது சொல்வீர்கள் என்றுதான் உங்களைக் கேட்டேன்.

கல்பனா


உத்திரமேரூர்
3.1.2025

கல்பனா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். பொங்கல் முடிந்ததும் பாப்பாவை அழைத்துக்கொண்டு அங்கே வருகிறேன். கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். அதற்குப் பிறகு இந்தக் குடித்தனத்தை எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் கேட்காதே.

‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கும் தெரியும். சொன்னால் நீ வரமாட்டாய் என்பதும் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

தினேஷ்