கேபின் டிக்கெட்டுக்கு நல்ல தண்ணி

மார்ச் 4, திங்கள். பாலக்கோடு.

காலையிலேயே வெயில். பள்ளிக்கூடத்துல ஒன்றரை மாச லீவு எழுதிக் கொடுத்தாச்சு. தையல் கிளாஸை யாரு பாக்குறதுன்னு சிஸ்டர் முகம் சுளிச்சாங்க. பேரன் பொறந்து ரெண்டு மாசம் ஆச்சு சிஸ்டர், இன்னும் கண்ணால பாக்கலைன்னேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க.

பினாங்குலேருந்து மாப்பிள்ளை அனுப்புன கப்பல் டிக்கெட் கைக்கு வந்துச்சு. ரெண்டு பேருக்கும் கேபின். கீழே டெக்குல பாய் விரிச்சுப் போனா பாதிகூட ஆவாது. இவருக்கு அதுதான் மனசு ஆறல. "நாலஞ்சு நாளு படுத்துக்கிட்டுப் போறதுக்கு இவ்ளோவா? ஒரு ஏக்கருக்கு நாத்தும் எருவும் வாங்கிப் போட்டிருக்கலாம்." அப்படிச் சொல்லிட்டு, டிக்கெட்டோட வந்த தாளை மண்டிக்கு எடுத்துட்டுப் போயி, தக்காளிக் கூடைக்காரங்க அத்தனை பேருக்கும் படிச்சுக் காட்டியிருக்காரு. படுக்கை அடக்கம். துண்டு, சோப்பு அடக்கம். காலையில கட்டிலுக்கே டீ. அறைக்குள்ளயே சுடுதண்ணி, நல்ல தண்ணி. ரெண்டு வேளையும் கோழி இல்லாட்டி ஆட்டுக்கறி.

கறின்னு வந்த எடத்துல நிறுத்திட்டாராம். சாம்பல் புதன் அன்னிக்குதான் பங்குசாமிகிட்ட வாக்கு குடுத்தாரு, ஈஸ்டர் வரைக்கும் கறி தொடமாட்டேன்னு.

மார்ச் 6, புதன்.

சிஸ்டர்கிட்ட முள்கரண்டி ரெண்டு இரவல். ராத்திரி உப்புமாவுல பழக்கம். ஏறுது, வாய்க்கு வர்றதுக்குள்ள எறங்குது. இவருக்குக் கோவம். "வெள்ளைக்காரன் எப்படி ஒடம்பு வச்சான்?"

மூட்டை: கேழ்வரகு மாவு, புளி, தக்காளித் தொக்கு ரெண்டு பாட்டில், வசம்பு, பேரனுக்கு வெள்ளை சட்டை நாலு (ஞானஸ்நானத்துக்கு ஒண்ணு தனியா, லேஸ் வச்சு). மக ஸ்டெல்லாவுக்குக் கனகாம்பர விதை. அங்க முளைக்குமோ என்னவோ.

மார்ச் 9, சனி. மெட்ராஸ், அப்புறம் கப்பல்.

நேத்து ராத்திரி பஸ்ஸுல கண்ணே மூடல. துறைமுகத்துல ஒரே வெக்கை. கப்பலை மொதல்ல கட்டடம்னு நெனச்சேன். ஜன்னல் ஜன்னலா.

கேபின்காரங்களுக்குத் தனி ஏணி. டெக்குக்காரங்களுக்கு அந்தக் கோடியில வேற ஏணி, கூட்டம் சொல்லி மாளாது. தலையில டிரங்குப் பொட்டி, இடுப்புல புள்ளை.

அறை சின்னது, சுத்தம். வட்ட ஜன்னல். கதவுக்குப் பின்னால ஒரு அறிவிப்புத் தாள். இவரு கண்ணாடி போட்டுக்கிட்டு ஒண்ணு விடாம படிச்சாரு. மணி அடிச்சா சாப்பாட்டு ஹாலுக்கு வரணும். பனியன், லுங்கியோட வரக்கூடாது. கேபின் பயணிங்க கீழே போலாம். டெக்கு பயணிங்க மேல வரக்கூடாது. "படிச்சியா ரெஜினா? அவங்க வூட்டுக்கு வந்தா அவங்க மொறைப்படிதான் இருக்கணும்."

எங்க அறையைப் பாத்துக்குற ஸ்டூவர்டு தூத்துக்குடிக்காரர். அம்பது வயசு இருக்கும். இவரை அண்ணாச்சிங்கறார்.

மார்ச் 10, ஞாயிறு. கடல்.

எங்க பாத்தாலும் தண்ணி. லேசான காத்து. எனக்கு ஒண்ணும் பண்ணல. இவருக்கு விடிகாலையிலேருந்து வாந்தி. பாவம், ஞாயித்துக்கெழமை தபசுகாலக் கணக்குல சேராது, இன்னிக்கி ஒரு நாளுதான் கறி சாப்பிடலாம்னு நெனச்சிருந்தாரு. எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு சுவரைப் பாத்துப் படுத்திருக்காரு. கோழிக்குழம்பு வாசனை அறை வரைக்கும் வருது.

ஹாலுக்கு நான் மட்டும். முள்கரண்டியை எடுத்தேன், வச்சேன். ஒரே மேசையில பினாங்குல கடை வச்சிருக்கற ராவுத்தர் ஒருத்தர், குடும்பத்தோட. அவரு கைய நல்லாக் கழுவிட்டு சோத்தைப் பெசைஞ்சு சாப்பிட்டாரு. "காசு குடுத்த சோறு, கையால தின்னாத்தாம்மா எறங்கும்." முள்கரண்டியைத் தள்ளி வச்சேன். நிம்மதி.

மார்ச் 11, திங்கள்.

இவரு எந்திரிச்சுட்டாரு. மத்தியானம் பொரிச்ச கோழி. ரசம் சோறு சாப்பிட்டுட்டு அந்தத் தட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு.

சாயங்காலம் மேல்தளத்துல சாய்வு நாற்காலி. அதுக்குக் காசு இல்ல. ஆனா சோடாவுக்கு உண்டு, அது தெரியாம மூணு குடிச்சுட்டாரு. சீட்டுல கையெழுத்துக் கேட்டாங்க. மரியாதைக்குக் கேக்கறாங்கன்னு நெனச்சு முழுப் பேரையும் அழகா எழுதிக் குடுத்திருக்காரு, ஊர் பேரோட. நீச்சல் குளத்துல ஒரே ஒரு வெள்ளைக்காரர். சினிமாவும் உண்டாம்.

அப்புறம் கீழே டெக்கைப் பாக்கப் போனேன். பாய்க்குப் பாய் இடிக்குது. ஒரு பொண்ணு கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு, மூஞ்சி வெளுத்து. பக்கத்துப் பாய்க்காரம்மாகிட்ட "எங்க வூட்டுப் பக்கம் இந்நேரம் புளியம்பழம் உலுக்குவாங்க"ன்னு சொல்லுது. பேச்சு நம்ம பேச்சு. எந்த ஊரும்மான்னேன். நல்லம்பள்ளிக்குக் கிட்டங்கன்னு சொன்னதும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு. நடுக்கடல்ல.

பேரு பச்சையம்மா. இருபத்தாறு வயசு. கல்யாணமாகி மூணு மாசத்துல புருஷன் எஸ்டேட் வேலைக்குப் போயிட்டான். ஒம்போது வருசம். மாமனார் மாமியாரை இவதான் பாத்துக்கிட்டா. ரெண்டு பேரும் காலமான பின்னாலதான் வரச் சொல்லிப் பேப்பர் வந்திருக்கு. "அப்ப எனக்குப் பதினேழுங்கக்கா. இப்ப என்னைத் தெரியுமோ தெரியாதோ."

மார்ச் 12, செவ்வாய்.

காலையில டீ கட்டிலுக்கே வந்துச்சு. இவரு எந்திரிச்சு நின்னு வாங்கிக்கிட்டாரு. பழக்கம் வரல.

ரொட்டியும் ஆரஞ்சும் முந்தானையில முடிஞ்சு கீழே கொண்டுபோனேன். பச்சையம்மா ஆரஞ்சு மட்டும் தின்னா. எறங்குற அன்னிக்குக் கட்ட ஒரு சேலை வச்சிருக்கா. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, புருஷன் அனுப்புன காசுல எடுத்தது. ரவிக்கை தொளதொளன்னு இருக்கு. ஊசி நூல் எப்பவும் என் பையில உண்டு. கப்பல் ஆட ஆட பக்கத்தைப் புடிச்சேன். தையல் கோணலா வந்தா வாத்திச்சி மானம் போயிடும்னேன். வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா.

ஒரே கவலை அவளுக்கு, தலைமுடி. டெக்குல குளிக்கறதுக்கு உப்புத்தண்ணிதான். சோப்பு நுரைக்கல. முடி கயிறு மாதிரி சிக்கு. சேலையெல்லாம் வாந்தி நாத்தம். "இப்படியே போய் நின்னா என்னா நெனப்பாருங்கக்கா?"

எங்க குழாயைத் திருகுனா சுடுதண்ணியாக் கொட்டுது. நெனச்சுக்கிட்டே படுத்தேன்.

மார்ச் 13, புதன்.

மேகம். டெக்குக்காரங்க பேப்பரையெல்லாம் இன்னிக்கே பாத்து முத்திரை குத்திட்டாங்க. நாளைக்குக் காலையில பினாங்கு.

இவருகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். விடியறப்ப பச்சையம்மாவை நம்ம அறைக்குக் கூட்டிட்டு வந்து குளிக்க வைக்கலாமான்னு. கதவுக்குப் பின்னால இருக்கற தாளைக் காட்டுனாரு. வரக்கூடாதுன்னு போட்டிருக்கு இல்ல. பிடிச்சாங்கன்னா அந்தப் பொண்ணுக்குத்தான் அசிங்கம். நியாயந்தான்.

ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் கீழே எறங்கிப் போனாரு, காத்து வாங்கறேன்னு. திரும்பி வந்து ரொம்ப நேரம் செருப்பைக் கழட்டாம ஒக்காந்திருந்தாரு. "நம்ம ஸ்டெல்லாவும் இப்படித்தான போனா. தனியா. டெக்குலதான் அனுப்பி வச்சோம்." அப்புறம்: "விடியறதுக்கு முன்னால கூட்டிட்டு வா."

மார்ச் 14, வியாழன். பினாங்கு. ஸ்டெல்லா வூட்டுல எழுதறேன்.

என்னா நாள் இன்னிக்கி! வரிசையா எழுதணும், மறந்துடும்.

இருட்டோட பச்சையம்மாவை ஏத்திட்டு வந்துட்டேன். பொட்டியை இவரே தூக்கிட்டு வந்தாரு. அவ குளிக்கப் போயி வெளிய வர்றதா இல்ல. "அக்கா, நுரை வருதுங்க"ன்னு உள்ளேருந்து குரல். நான் சீயக்காய்ப் பொட்டலத்தை நீட்டிட்டு, இவரு கூட கதவுக்கு வெளியில காவல்.

ஸ்டூவர்டு டீயோட வந்துட்டாரு. இவருக்கு வேர்த்துப் போச்சு. "இப்ப வராதீங்க. உள்ள என் சம்சாரம் குளிக்குது."

ஸ்டூவர்டு என்னைப் பாத்தாரு. "அப்ப இவங்க யாரு அண்ணாச்சி?"

இவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. "இதுவும் சம்சாரந்தாங்க."

நான் முந்தானையைக் கடிச்சுக்கிட்டேன். ஸ்டூவர்டு சிரிக்கக்கூட இல்ல. டீயைக் கீழே வச்சுட்டுப் போனாரு. போய் இன்னொரு கப்பு டீயும், வெளுத்த துண்டு ஒண்ணும் கொண்டு வந்து வச்சாரு. "எறங்கும்போது உங்க கூடவே கூட்டிட்டுப் போயிருங்க. கேட்டா வேலைக்கு வந்த பொண்ணுன்னு நான் சொல்லுதேன்."

ஈஸ்டருக்குள்ள சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடணும்னு இவரு புலம்பல். கறி விட்டும் பொய் விடலியேன்னு.

பச்சையம்மா வெளிய வந்தா. மாம்பழ மஞ்சள் சேலை, ஈரமுடி முதுகு நெறைய. ரவிக்கை கச்சிதம் (கோணல் இல்ல). இவரு "மகராசியா இரு"ன்னுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.

எங்க ஏணியிலேயே எறங்குனோம். ஒருத்தரும் கேக்கல. பெரிய தகரக் கொட்டகை, அந்தப் பக்கம் ஸ்டெல்லா கையில பேரன். ஓடிப் போயி வாங்கிட்டேன். அப்படியே அவங்கப்பா மூக்கு. கண்ணைத் தொறந்து பாத்துட்டு மூடிக்கிச்சு.

அப்பதான் ஒறைச்சுது. பச்சையம்மா புருஷன் இங்க எதுக்கு நிக்கப் போறான்? அவன் டெக்கு ஏணிகிட்ட இல்ல பாத்துக்கிட்டிருப்பான். அந்தக் கோடி. கயிறு கட்டி நூத்துக்கணக்குல சனம். இவ வரலைன்னு திரும்பிப் போயிட்டான்னா? எஸ்டேட் எங்கன்னுகூட இவளுக்குத் தெரியாது. நல்லது பண்றேன்னு கெடுத்துட்டமே. பேரனை ஸ்டெல்லாகிட்டக் குடுத்துட்டு ஓடுனோம்.

ஆம்பளைங்க அத்தனை பேரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. "இதுல யாரும்மா?" அவ முழிக்கறா. ஒம்போது வருசம். "தெரியலைங்கக்கா."

"பேரைச் சொல்லு, நான் கூப்புடறேன்"னாரு இவரு.

தலையை ஆட்டுனா. புருஷன் பேரை எப்படிங்க சொல்றது.

"குறிப்பாவாச்சும் சொல்லு!"

"நம்மூரு குன்று மேல இருக்கற சாமிங்கண்ணா."

மாதா கோயிலுக்குப் போற எங்களுக்கு அது என்னா தெரியும்? குன்றுன்னா முருகன்தான்னு இவரு "முருகா!"ன்னு ஒரு சத்தம் போட்டாரு. ஏழெட்டு பேரு திரும்பிப் பாத்தாங்க. இல்லைங்கறா. "வேலு! பழனி!" இல்ல. "பெருமாள்சாமிங்கண்ணா..." "பெருமாளு! வெங்கடேசா!" அதுக்கும் நாலு பேரு. கூட்டம் கரையுது. ஏணியில கடைசி ஆளுங்க எறங்கறாங்க. தூரத்துல ஒருத்தன் ஒரு காகிதத்தைப் பாக்குறான், கப்பலைப் பாக்குறான், அப்புறம் குடையை இடுக்கிக்கிட்டு வாசல் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டான்.

பச்சையம்மா கயித்தைப் புடிச்சா. "சென்றாயா!"

கொட்டகை முச்சூடும் கேட்டுச்சு. அவன் நின்னான். எதுக்க பாத்தான், பின்னால பாத்தான். அவ வாயில தன் பேரை ஒரு நாளும் கேட்டதில்லையே, எங்கேருந்துன்னு எப்படித் தெரியும்? "சென்றாயா! இங்க! இங்க!" அழுதுக்கிட்டே கூப்புடறா, நிறுத்தவே இல்ல.

வந்தான். ஒல்லி ஆளு, முன்தலை வழுக்கை. ரெண்டு முழம் தள்ளி நின்னுக்கிட்டான். கிட்ட வரல. அவளும் தலை நிமிரல.

"கப்பல்ல வாந்தி வந்துச்சா?"

"மொத ரெண்டு நாளு."

பொட்டியைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டான். இவரு அவன் கையைப் புடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கறாரு, ஏதோ இவரே பொண்ணு குடுத்த மாதிரி.

ஸ்டெல்லாவுக்குக் கோவம். இறங்குனதும் இறங்காததுமா புள்ளையைக் கையில திணிச்சுட்டு எங்கம்மா ஓடுனேன்னு. எல்லாம் சொன்னேன். அவளும் அழுதா.

மார்ச் 17, ஞாயிறு. பினாங்கு.

காலையிலேருந்து மழை. பூசைக்குப் போய் வந்தோம். இவரு கோழிக்குழம்பு ரெண்டு வாட்டி வாங்கிட்டாரு, ஞாயிறு ஞாயிறுன்னு சொல்லிக்கிட்டே. பேரன் இவரு மடியை நனைச்சுட்டான்.

மத்தியானம் வாசல்ல பச்சையம்மாவும் சென்றாயனும். எஸ்டேட்லேருந்து பஸ் புடிச்சு வந்திருக்காங்க, ஒரு கூடை ரம்புத்தான் பழத்தோட. ஆம்பளைங்க ரெண்டு பேரும் முன்பக்கம் தக்காளி வெலை, ரப்பர் வெலை பேசுறாங்க. பச்சையம்மா அடுப்படிக்கு வந்து என் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டா. தலையில பூவு.

"எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேங்கக்கா. இவருதான் ஒரே தொல்லை."

கரண்டியைக் கீழே வச்சுட்டேன். "என்னா பண்றான்?"

"இன்னொரு வாட்டி கூப்புடு, இன்னொரு வாட்டி கூப்புடுங்கறாருங்க."

"கூப்ட்டியா?"

"போங்கக்கா."