பூட்டின வாசிகசாலையும் மூதூர்ப் பயணமும்

காத்தான்குடி
12.5.1942

கண்மணி மகன் பதியுதீனுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில நானும் உம்மாவும் தங்கச்சி றமீஸாவும் சுகமாக இருக்கிறம், நீயும் அப்பிடியே இருக்க வேணும் எண்டு அஞ்சு நேரத் தொழுகையிலயும் கேக்கிறம். கொழும்பில குண்டு விழுந்த நாளில இருந்து உம்மாவுக்குச் சோறு இறங்குதில்லை, வண்டு இரைஞ்சாலும் முற்றத்துக்கு ஓடி வானத்தைப் பார்க்கிறா. நீ வேலை செய்யிற கடை துறைமுகத்துக்குக் கிட்ட எண்டு அவவுக்கு நான் சொல்லல்ல, நீயும் எழுதிப்போடாத.

இங்க நடந்ததை மறைக்காமல் எழுதுறன். திருக்கோணமலையில குண்டு போட்டு ஒரு கிழமைக்குள்ள பொலிசுக்காரர் நாலு பேர் நம்மட வாசிகசாலைக்கு வந்தாங்க. அலுமாரிக்குள்ள பினாங்கில இருந்து முந்தி வந்த தமிழ்ப் பத்திரிகைக் கட்டு ஒண்டு கிடந்தது. பினாங்கு இப்ப ஜப்பான்காரன்ட கையில, அங்க ஆரோட உனக்குத் தொடர்பு எண்டு கேட்டாங்க. யுத்தத்துக்கு முந்தி வந்தது, திகதியைப் பாருங்க எண்டன், கேக்கல்ல. கட்டையும் அங்கத்தவர் பெயர்ப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிச் சீல் வைச்சிட்டுப் போனாங்க. முப்பத்தேழு பேர்ட பெயர், காரியதரிசி எண்டு நான் என்ட கையால எழுதினது. அண்டு பின்னேரமே மஜீட் காக்கா வந்து, என்ட பெயரை எப்பிடியாவது வெட்டிவிடு அசனார், வீட்டில கலியாணம் முடிக்காத மூணு குமர் இருக்கு எண்டு அழுதார். அவரோட எனக்குக் கோவம் இல்லை மகன், ஏலுமெண்டா என்ட பெயரையும் நான் வெட்டியிருப்பன்.

வேற வழி தெரியாமல் கண்டியில இருக்கிற அகில இலங்கை வாசிகசாலைச் சம்மேளனத்துக்கு எழுதினன். வருஷத்துக்கு ஒருக்காப் புத்தகப் பெட்டி அனுப்புவாங்க, புலவர்மாரைப் பேச அனுப்புவாங்க, அதுக்கு மேல என்ன செய்யப்போறாங்க எண்டுதான் நினைச்சன். ஒன்பதாம் நாள் பதுளையில இருந்து வினாயகமூர்த்தி எண்டு ஒரு வாத்தியார் வந்து இறங்கினார். கையில சம்மேளனத்தின்ட கடிதம். நம்மட வாசிகசாலை பதினொரு வருஷமா அவங்கட அங்கம், எடுத்த பத்திரிகை எல்லாத்தையும் வருஷா வருஷம் எழுதித் தந்திருக்கு எண்டு அதில இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு முன்னால ரெண்டு நாள் இருந்து ஒவ்வொரு பத்திரிகையாகத் திகதியைக் காட்டி, உள்ளதை இங்கிலீசில சொன்னார். மூணாம் நாள் சீலை உடைச்சாங்க. கட்டைத் தரல்ல, பெயர்ப் புத்தகத்தைத் தந்தாங்க. திறந்த அண்டைக்கு வாசிக்க வந்தது ஆறு பேர்.

வீட்டில தேத்தண்ணி குடிக்கக்குள்ள வாத்தியார் தெருவில போற ஒவ்வொரு ஆளையும் எட்டிப் பார்த்தார். பயமா எண்டு கேட்டன். வந்த நேரம் தொட்டுப் பயம்தான், எங்கட வாசிகசாலையையும் பூட்டினாங்க, காலியில இருந்து ஒரு கிழவர் ஊன்றுகோலோட வந்து திறப்பிச்சார், அதனாலதான் நானும் வந்தன் எண்டார். சம்மேளனம் எண்டா பெரிய கட்டடமும் துரைமாரும் எண்டு இருந்தன் மகன். ஒரு மேசையும் ஒரு கிளாக்கரும்தானாம், மிச்சமெல்லாம் நம்மளைப் போல ஆக்கள்.

முந்தநாள் எனக்குக் கடிதம் வந்தது. மூதூர்ப் பக்கம் ஒரு வாசிகசாலையைப் பூட்டியிருக்காம், போய்ப் பேச ஏலுமா எண்டு கேட்டிருக்காங்க. மூதூருக்கு எதிர்க்கரைதான் திருக்கோணமலை. உம்மா என்ட சட்டையை ஒளிச்சு வைச்சிட்டா. நானும் ஏலாது எண்டு எழுதிக்கொண்டு தபாற்கந்தோர் வாசல் வரைக்கும் போனன், போடாமல் திரும்பி வந்தன். அந்த ஊர்க் காரியதரிசியும் இப்ப ஒருத்தர்ட முகத்தையும் பார்க்க ஏலாமல் வீட்டுக்குள்ள இருப்பார். வியாழக்கிழமை போறன். பயம் போகல்ல, பயத்தோடதான் போறன்.

ரப்பு உன்னை நெருப்புக்கும் நோய்க்கும் தூரமாக வைச்சு, நீண்ட ஆயுளும் ஹலாலான உழைப்பும் தருவானாக. அபாயச் சங்கு ஊதுற சத்தம் கேட்டா கடையைப் பார்க்காமல் பதுங்குகுழிக்குள்ள இறங்கு. இந்தக் கடுதாசி கிடைச்ச உடன உம்மாவுக்கு ரெண்டு வரி எழுது, வாப்பா வந்திடுவார் எண்டு மட்டும் எழுது.

உனக்காகக் கையேந்தும் வாப்பா,
மீ. அசனார்